கிரீஸ் எங்கே அடிப்பது?
ரோபோ செய்யும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

தை மாதத்திலிருந்து நீங்கள் அனுப்பிய ரோபோ படங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டிவிட்டது. உங்களில் சிலர் வேலூரில் கல்லூரிக்குப் போகிறீர்கள். சிலர் திருப்பத்தூரிலும் போளூரிலும் வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். இரண்டு பேர் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது கடிதத்திலேயே முதலிரண்டில் எழுதியதைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்.

உங்களுக்குக் கை வந்துவிட்டது. பதினான்கு வருடம் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் 3டி பொருட்களுக்கு மேற்பரப்பு தீட்டிப் பிழைத்தவள் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் அந்த நாற்பதில் முப்பதுக்கு மேற்பட்ட ரோபோக்கள் இரவில் நிற்கின்றன. மழையில் நனைந்த தார்ச்சாலை, ஊதாவும் நீலமுமாக விளம்பர விளக்குகள், ஜப்பானிய எழுத்தில் கடைப் பலகை. வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளின் படங்களில் சூரியனையே காணோம். எந்த ரோபோவும் வேலை செய்த மாதிரியும் தெரியவில்லை.

நான் செய்த முதல் ரோபோவும் அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்காமல், எனக்காகவே செய்த முதல் வேலை அது. எட்டு மாதம் இரவு இரவாக உட்கார்ந்து செய்தேன். ஆறரை அடி உயரம், பளபளக்கும் மார்பு, முதுகில் கத்தை கத்தையாக வயர்கள். ஊருக்கு வந்திருந்தபோது சித்தப்பாவின் நண்பர் ஒருவரிடம் செல்போனில் காட்டினேன். ஆலங்காயத்தில் ஜேசிபி, டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவர். படத்தைப் பெரிதாக்கி முழங்காலையே வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்குக் கிரீஸ் எங்க அடிப்பே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் விடவில்லை. “பின்னு தேஞ்சா எந்தப் பக்கம் தட்டி எடுக்கிறது? ஸ்பேனர் உள்ள போவணுமில்ல? இந்த ஓஸு மடங்குற எடத்துலயே வருதே, நாலு தடவ குந்தி எழுந்தா அறுந்துடுமே?”

குறை சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எதிரே ஒரு வண்டி நிற்பதாக எண்ணி, அதை எப்படிப் பராமரிப்பது என்று யோசித்தார். என் படத்தை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தவர் அதற்கு முன் யாருமில்லை. மறுநாள் அவர் பட்டறைக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த ஒரு ஜேசிபி கையைப் பார்த்தேன். இரண்டு இரும்புத் துண்டு சேரும் இடமெல்லாம் ஒரு பின், அதைச் சுற்றி புஷ், ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கிரீஸ் நிப்பிள். நிப்பிளைச் சுற்றிப் பழைய கிரீஸ் கறுத்து, மண் ஒட்டி, மோதிரம் போட்டதுபோல் இருந்தது. ஓஸ் ஒவ்வொன்றும் மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் தொய்வாக வளைந்து போயிற்று. நீட்டினால் இழுபடாமல் இருக்க அந்தத் தொய்வு வேண்டும். என் ரோபோவின் ஓஸ்களில் அது இல்லை. பார்க்கிறவருக்கு ஓஸ் என்றால் என்னவென்று தெரியாமலே இருக்கலாம், ஆனாலும் இது அசையாது என்று கண் சொல்லிவிடும்.

அந்த எட்டு மாத வேலையை மூடி வைத்தேன்.

அடுத்து நான் போனது காவலூர் வானாய்வகத்துக்கு. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் வந்துவிடும். பள்ளியில் படிக்கும்போது அழைத்துப்போனார்கள், அப்போது மனம் முழுக்கத் தின்பண்டப் பையில் இருந்தது. இந்த முறை நோட்டும் பென்சிலும் எடுத்துப் போனேன். ரோபோ செய்ய விரும்பும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய இயந்திரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். தெற்கு வானத்தையும் பார்க்க முடிகிற, ஊர் வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்று தேடி ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் பாப்பு. 1960களின் இறுதியில் ஒரு சிறிய தொலைநோக்கியோடு காவலூரில் வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அதன் வளையங்களின் தடயம் இங்கேயும் பதிவாயிற்று. பெரிய தொலைநோக்கி முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982இல் அவர் இறந்தார், 1986 ஜனவரியில் தொலைநோக்கிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

நான் சொல்ல வந்தது அந்த இயந்திரத்தின் உடம்பைப் பற்றி. அது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரே சுழற்சியில் விண்மீனைப் பின்தொடர முடியும். காவலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருக்கிறது. அதனால் அச்சும் தரையிலிருந்து பன்னிரண்டரைப் பாகைதான் நிமிர்ந்திருக்கிறது, ஏறக்குறையப் படுத்த நிலை. அச்சின் வடக்கு முனையில் குதிரை லாடம் போன்ற பெரிய வளைவு அந்த எடையைத் தாங்குகிறது. இதே தொலைநோக்கியை ஜெர்மனியில் வைத்திருந்தால் அச்சு ஐம்பது பாகைக்கு நிமிர்ந்து எழுந்திருக்கும், உடம்பே வேறாகியிருக்கும். எந்த ஊர் என்று பலகை பார்க்காமலே, அதன் சாய்வை அளந்து இது எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதை நோட்டில் வரைந்துகொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. என் ரோபோவின் உடம்பில் ஊர் எங்கே இருக்கிறது? சாய்விலா, பாதத்திலா, முதுகிலா? எங்கேயும் இல்லை. அதை எந்த நாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒன்றுதான்.

அவ்வளவு பெரிய இரும்பு, நட்சத்திரத்தைத் தொடரும்போது அசைவது நம் கண்ணுக்குத் தெரியாது. கடிகாரத்தின் மணிமுள் போகும் வேகத்தில் பாதிதான் அதன் வேகம். எடை உள்ள இயந்திரம் நிதானமாக இருக்கும் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். உங்கள் அசைவுப் படங்களில் இரண்டு டன் ரோபோக்கள் பூனைபோலத் துள்ளுகின்றன. உங்கள் மென்பொருளில் புவியீர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது. ரோபோவின் எடை இவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்யாததே காரணம்.

மலையிலிருந்து இறங்கியதும் ரோபோவுக்கு என்ன வேலை என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்தச் சொல்லே வேலையிலிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்துக்காக அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். அவர் ஓவியர், நம்முடைய ஆள். ‘ரொபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நமக்கு இந்த உழைப்பும் புதிதில்லை, அதற்குச் சொல்லும் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இதுதான். இன்று ‘வெட்டியாக இருக்கிறான்’ என்று வேலையில்லாதவனைச் சொல்கிறோம், ஒரு காலத்தில் அது காசில்லாமல் உடம்பு முறிய வேலை செய்தவனைக் குறித்தது. தமிழில் இயந்திரக் கற்பனைக்கும் குறைவில்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் கருவுற்ற விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி வானில் பறந்தது. உதயணன் கதையில் வரும் பொய் யானை, யாழால் யானையை வசப்படுத்தத் தெரிந்தவனையே ஏமாற்றிப் பிடித்தது. நிஜம் போன்ற ரோபோ வேண்டுமென்றால் அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் மயில் அரசிக்கு, யானை அரசனுக்கு. சுமை தூக்குகிற பொறி ஒன்றை நான் தேடினேன்.

தேடியது கண்ணெதிரே இருந்தது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவித்து, பலாவும் புளியும் தேனும் சேர்த்து, எல்லாவற்றையும் தோளிலும் தலையிலும்தான் இறக்கினார்கள். சாலை வந்த ஊர்களுக்கு வண்டி வந்தது. வராத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இன்றைக்கும் நடக்கிறது. அந்தத் தோள்களை வெளியிலிருந்து வந்தவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். செம்மரம் வெட்டித் தூக்க ஆந்திரக் காட்டுக்கு ஆள் போவது இந்த மலையின் பெரிய துயரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டு 20 பேர் இறந்தார்கள், அவர்களில் இந்த மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இங்கே ஒரு ரோபோவை நிறுத்தும்போது, அதன் தோளில் எதை வைக்கிறேன் என்பது எனக்குச் சின்ன முடிவாக இல்லை.

டோலி மூங்கிலை வைத்தேன். முன்முனையில் ஒரு மனிதர், பின்முனையில் ரோபோ, நடுவில் போர்வைத் தூளியில் யாரோ ஒருவர், முகம் தெரியாது. மலைப்பாதையில் நான்கு கால்தான் நல்லது என்று பொறியாளர்கள் சொல்வார்கள், 2005இல் வந்த ‘பிக்டாக்’ ரோபோ நான்கு காலில்தான் மூட்டை சுமந்தது. மூங்கிலின் மறுமுனையில் மனிதத் தோள் இருந்ததால் நான் இரண்டு காலை எடுத்துக்கொண்டேன். சாலை கேட்கிற ஊருக்கு ரோபோ படம் காட்டுவது சரியா என்ற உறுத்தலும் இருந்தது. அதனால்தான் முன்னால் மனிதரை நிறுத்தினேன். அவர் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்று படம் சொல்ல வேண்டும்.

வேலை இன்னதென்று முடிவானதும், மற்ற முடிவுகள் தாமாகவே வந்தன. இதைத்தான் உங்களுக்குச் சொல்லத் துடிக்கிறேன்.

நோயாளியோடு போகும் பாதை இறக்கம். இறக்கத்தில் மூங்கில் மட்டமாக இருக்க உயரமானவர் முன்னால் போக வேண்டும், பின்னால் வருபவர் தாழ வேண்டும். ஆகவே என் ரோபோ எப்போதும் முழங்காலை மடக்கியே இறங்கும். அப்படியானால் சுமை முழுவதும் முழங்கால் சிலிண்டரில். அங்கேதான் எண்ணெய் முதலில் கசியும். கசிந்த எண்ணெய் கெண்டைக்காலில் இறங்கி, புழுதி பிடித்து, கறுப்பும் சிவப்புமாகத் தடம் விடும். அந்தத் தடத்தை நான் ‘அழகுக்காக’ வரையவில்லை, அது வராமல் இருக்க வழியே இல்லை. பாதத்துக்கு இரும்பு ஆகாது, பாறையில் வழுக்கும். டயர் செருப்பு தைக்கிற மாதிரி லாரி டயரை வெட்டி அடியில் ஒட்டினேன், டயரின் பள்ளக் கோடுகள் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும். தோளில் இரும்புமேல் மூங்கில் வைத்தால் உருளும். மனிதர்கள் என்ன செய்கிறார்களோ அதையேதான் செய்ய வேண்டும், துண்டை மடித்து வைக்க வேண்டும். அப்படித்தான் என் ரோபோவின் தோளுக்குத் துண்டு வந்தது. தோளில் துண்டு போடும் உரிமைக்காக மனிதர்கள் போராடிய நாடு இது. அந்த நினைவும் துண்டோடு சேர்ந்து வந்துவிட்டது.

முகம் வைக்கவில்லை. மனிதச் சாயல் கூடக்கூட ஒரு கட்டத்தில் நமக்கு அது அருவருப்பாகிவிடும் என்று ஜப்பானிய அறிவியலாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். நோயில் கிடப்பவர் கண்விழித்தால் எதைப் பார்ப்பார் என்று யோசித்தேன். இரண்டு கேமரா, மேலே மழைக்கு ஒரு தகரக் கூரை, போதும்.

அடுத்து வண்ணம். உங்களில் பெரும்பாலோர் ஆயத்த மேற்பரப்புகளை இறக்கி ஒட்டுகிறீர்கள். எல்லா விளிம்பிலும் ஒரே அளவாகப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. கை படுகிற இடத்தில்தான் பெயிண்ட் தேயும், கல் படுகிற இடத்தில்தான் பெயரும். உங்கள் வீட்டு இரும்புக் கேட்டைப் பாருங்கள்: மேலே பச்சை, அது பெயர்ந்த ஓரத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்கும் உள்ளே இரும்பு, இரும்பின் நடுவில் துரு. இந்த நான்கு அடுக்கையும் தனித்தனியாகக் கட்டுங்கள். மென்பொருளில் உலோகமா என்ற கேள்விக்கு 0 அல்லது 1 என்றுதான் பதில் இருக்க வேண்டும். துரு இரும்பிலிருந்து பிறந்ததுதான், ஆனால் அது உலோகமாக மினுங்காது, அதற்கு 0. இங்கே 0.5 வைத்தவர்கள் உங்களில் பதினைந்து பேராவது இருக்கிறீர்கள், அதனால்தான் உங்கள் துரு பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. விளிம்புகளைக் கத்திமுனைபோல விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டராவது மழுக்குங்கள், அந்த மழுக்கலில்தான் வெளிச்சம் கோடு போடும்.

எந்த ஆயத்தத் தொகுப்பிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று பலாப்பால் கறை. பலாச்சுளை எடுத்த கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு, புழுதி ஒட்டி கடைசியில் கறுப்பு. எண்ணெய் தடவாமல் போகாது. நோயாளி இல்லாத நாளில் என் ரோபோ பலா சுமக்கும், எனவே உள்ளங்கையில் அந்தக் கறை இருக்க வேண்டும். அதைப் படமெடுக்க நானே இரண்டு பலாப்பழம் அறுத்து, ஒரு இரும்புத் தகட்டில் பாலைத் தேய்த்து, ஒரு வாரம் மாடியில் போட்டு வைத்தேன். பிறகு செம்மண். மழைத்துளி விழுந்து தெறிக்கும் மண் ஓர் அளவுக்கு மேல் ஏறாது, கெண்டைக்கால் வரை அடர்த்தியாகவும் முழங்காலுக்கு மேல் புள்ளி புள்ளியாகவும் நிற்கும். புழுதியோ மேல்நோக்கிய பரப்பில் படியும். இரண்டும் வேறு வேறு. ஒரே தூரிகையால் இரண்டையும் தீட்டாதீர்கள்.

வெளிச்சத்துக்காக விடியற்காலையில் மலைப்பாதைக்குப் போனேன். காட்சித் தொகுப்பில் வெளிச்சத்தைப் பிடிக்கப் பளபளப்பான உருண்டை வைப்பார்கள். நான் மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் பொருத்தும் எவர்சில்வர் உருண்டை ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி, பாதையோரம் முக்காலியில் நிறுத்தி, மிக இருட்டிலிருந்து மிக வெளிச்சம்வரை பல அளவில் படமெடுத்தேன். இருட்டான படங்களை எடுக்கத் தவறினால் சூரியன் வெறும் வெள்ளைப் புள்ளியாகி, நிழலின் வலு போய்விடும். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் நிழல் பக்கம் கறுப்பாக இல்லை என்று கவனித்தேன். கீழிருந்து செம்மண்ணின் சிவப்பு ஏறியிருந்தது. ரோபோவின் தாடைக்கு அடியில், கையின் உட்புறத்தில் அந்தச் சிவப்பு வந்தவுடன், ஒட்டவைத்த மாதிரி இருந்த உருவம் பாதையில் இறங்கி நின்றது.

உங்கள் அளவுகளைச் சரிபாருங்கள். நாம் பயன்படுத்தும் 3டி மென்பொருளான பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர். ஒரு தங்கையின் ரோபோவை அளந்தேன், அது பதினெட்டு மீட்டர் உயரம், பக்கத்தில் இருந்த நாற்காலியும் அதே கணக்கில் பெரியது. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் வெளிச்சமும் மங்கலும் தப்பாகிவிடும். பின்னணியை அளவுக்கு மீறி மங்கலாக்கினால் பெரிய ரோபோவும் பொம்மையாகிவிடும்.

கணினி சரியில்லை, அதனால் முடியவில்லை என்று ஐந்தாறு பேர் எழுதியிருந்தீர்கள். என்னுடையதும் பழையதுதான். ஒரு படம் முடிய ஒன்பது மணி நேரம் ஆயிற்று, நடுவில் கரண்ட் போய் இரண்டு இரவு வீணானது. பிளெண்டர் இன்று இலவசமாக இருப்பதற்குக் காரணம், 2002இல் முன்பின் தெரியாத மனிதர்கள் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டதுதான். அதிலேயே செய்த லாட்வியா நாட்டுப் படம் ‘ஃப்ளோ’ 2025இல் ஆஸ்கர் வாங்கியது. உங்கள் மேசையில் இருப்பதும் அதே கருவிதான்.

ஒரு தம்பி கேட்டிருந்தான்: “அக்கா, நாலு வார்த்தை டைப் பண்ணினா ஏஐ பத்து நொடியில ரோபோ படம் குடுக்குது. நான் ஏன் ஆறு மாசம் உக்காரணும்?” அவன் கேள்வியில் பயம் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் உண்டு, என் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. கூலிக்குச் செய்யும் வேலையில் என்ன மாறும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சொந்தமாகச் செய்த இந்த ஒரு படத்தால் ஜேசிபி கையின் உள்பக்கம் எனக்குத் தெரிந்தது, காவலூரின் பன்னிரண்டரைப் பாகை தெரிந்தது, டோலியில் உயரமானவர் எந்த முனையில் நிற்பார் என்று தெரிந்தது. நாற்பது வருடம் இந்த மலையடிவாரத்தைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு முன் இவை தெரியாது. தம்பி, உன்னை ஆறு மாதம் உட்காரச் சொல்லவில்லை. ஆறு மாதம் சுற்றச் சொல்கிறேன்.

மலைக்கிராமத்து இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்துப் பெருங்கற்காலக் கற்திட்டைகளில், பலகைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி எடை ஏற்றி நிற்கின்றன, பாசி எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சாமை புடைக்கும்போது உமி எங்கே போய் ஒட்டுகிறது என்று உங்கள் அம்மாவின் முழங்கையைப் பாருங்கள். எங்களுக்குப் பேருந்து ஏறி வந்து பார்க்க வேண்டியதெல்லாம் உங்கள் வாசலில் கிடக்கிறது. நீங்கள் டோக்கியோ தெருவை வரைந்து அனுப்பியபோது எனக்கு நெஞ்சு வலித்தது, மறைக்க மாட்டேன்.

என் படம் போன மாதம் முடிந்தது. முதல் வேலையாக ஆலங்காயம் பட்டறைக்கு எடுத்துப்போனேன். இந்த முறை பெரிய தாளில் அச்சடித்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். முழங்கால், கணுக்கால், தோள் என்று விரல் போன இடமெல்லாம் நிப்பிள் இருந்தது. துண்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இடது இடுப்புக்குப் பின்னால் விரலை வைத்தார்.

“இந்த ஓஸு சேஸிஸ்ல ஒரசுதும்மா. மேல ஒரு ஸ்லீவ் போட்டுடு.”

அதைத்தான் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஆலங்காயம்